ஐசோமெட்ரிக் வரைபடம் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பகுதிப் பள்ளிகளில் கணிதமும் ஓவியமும் கற்பிக்கும் ஆசிரியர்களும், எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களும், சில பெற்றோர்களும் ஆண்டுதோறும் ஒரே ஐயங்களைக் கேட்டு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னும் சிக்கலானவை பின்னும் வருவதால், முதன்முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

பெட்டியை எல்லாரும்தான் வரைகிறார்கள். ஐசோமெட்ரிக் என்று தனியாக ஒன்று எதற்கு?

பெரும்பாலான மாணவர்கள் பெட்டி வரையும்போது ஒரு சதுரத்தை நேராகப் போட்டு, அதன் முனைகளிலிருந்து சில கோடுகளைச் சாய்வாகப் பின்னோக்கி இழுத்து மூடிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் முன்முகம் மட்டுமே அளவோடு நிற்கும். பெட்டி எவ்வளவு ஆழம் என்பதைப் படத்திலிருந்து சொல்ல முடியாது. ஐசோமெட்ரிக் வரைபடத்தில் பொருளின் ஒரு மூலை நம்மை நோக்கி நிற்கிறது. உயர விளிம்புகள் செங்குத்தாகவும், நீள அகல விளிம்புகள் கிடைமட்டத்துக்கு வலப்புறமும் இடப்புறமும் 30 பாகை சாய்ந்தும் வரும். மூன்று அச்சுகளுக்கும் இடையே 120 பாகை. மூன்றுக்கும் ஒரே அளவு. ஆகவே இந்த மூன்று திசைகளில் செல்லும் எந்த விளிம்பின்மீதும் அளவுகோலை வைத்து நேரே அளவு எடுத்துக்கொள்ளலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822இல் இம்முறையை விளக்கி எழுதினார். வகுப்பில் காட்டும் இயந்திர மாதிரிகளை அவர் தனித்தனி உறுப்புகளிலிருந்து பூட்டிக் காட்டவேண்டியிருந்தது. உதவியாளர்கள் பார்த்துப் பூட்டக்கூடிய படம் அதற்குத் தேவைப்பட்டது. மாணவருக்கும் இந்த நோக்கத்தையே முதலில் சொல்லலாம்: இந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் அந்தப் பொருளைச் செய்துவிட முடியவேண்டும்.

எந்த வகுப்பில் தொடங்கலாம்? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது அதிகமில்லையா?

அதிகமில்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் முந்தைய ஏழாம் வகுப்புக் கணிதப் பாடநூலிலேயே புள்ளித்தாளில் ஐசோமெட்ரிக் படம் வரையும் பகுதி இருந்தது. புள்ளித்தாளை ஏழு, எட்டிலும், மூலைமட்டம் கொண்டு வெற்றுத்தாளில் வரைவதை ஒன்பதிலும், வட்டங்களையும் சாய்முகங்களையும் பத்திலும் வைத்துக்கொண்டால் சுமை தெரியாது. பின்னாளில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் அல்லது காரைக்குடியிலேயே 1952 முதல் இயங்கிவரும் அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி என எங்கே சேர்ந்தாலும், முதலாண்டு வரைகலைப் பாடத்தில் திணறுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளியில் ஒரு கனசதுரத்தைக்கூட அளவோடு வரைந்து பார்க்காதவர்கள்தான்.

என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? டிராஃப்டர் எனும் வரைகருவி இல்லாமல் முடியுமா?

முடியும். 30-60 பாகை மூலைமட்டம் ஒன்று, 30 செ.மீ. அளவுகோல், கவராயம், எச், எச்பி பென்சில்கள் போதும். ஜியாமெட்ரி பாக்ஸில் வரும் மூலைமட்டம் மிகச் சிறியது. விளிம்பு 20 செ.மீ.க்குக் குறையாத மூலைமட்டம் ஒன்றைத் தனியாக வாங்கித் தருவது மற்ற எல்லாச் செலவையும்விடப் பயன்தரும். அளவுகோலைத் தாளின் கீழ்விளிம்பையொட்டி மேசையில் செல்லோடேப்பால் ஒட்டிவிட்டு, மூலைமட்டத்தை அதன்மேல் நகர்த்தினால் செங்குத்தும் 30 பாகையும் பிசகாமல் வரும். துணைக்கோடுகளுக்கு எச், இறுதிக் கோடுகளுக்கு எச்பி. பள்ளி மாணவருக்கு டிராஃப்டர் வாங்கித் தரவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோணம் எங்கிருந்து வருகிறது என்று கை அறிவதற்கு முன்பே அது கோணத்தைக் கொடுத்துவிடுகிறது.

ஐசோமெட்ரிக் புள்ளித்தாள் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும் மில்லிமீட்டர் கிராஃப் தாள். 7 மி.மீ. இடைவெளியில் செங்குத்து வரிசைகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் 8 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைக்கவேண்டும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையை 4 மி.மீ. மேலே தள்ளி வைக்கவேண்டும். அப்படி வைத்தால் சாய்ந்த திசையில் அடுத்த புள்ளி 8.06 மி.மீ. தொலைவிலும், சாய்வு 29.7 பாகையாகவும் இருக்கும். இந்தப் பிழை கண்ணுக்கும் தெரியாது, பென்சில் முனைக்கும் தெரியாது. ஒரு தாளில் கவனமாக வைத்து, ஜெராக்ஸ் எடுத்து வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது வழி கோலம். இடைப்புள்ளிக் கோலத்துக்கு வைக்கும் புள்ளிகளும் ஐசோமெட்ரிக் தாளின் புள்ளிகளும் ஒரே அமைப்பைக் கொண்டவை. 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை என்று வைத்தால் நடுவரிசையில் 15, இருபுறமும் 14, 13 என்று குறைந்து 8இல் முடியும். மொத்தம் 169 புள்ளிகள். வெளிப்புள்ளிகளை இணைத்தால், பக்கத்துக்கு 7 இடைவெளி கொண்ட அறுங்கோணம் கிடைக்கும். நடுப்புள்ளியிலிருந்து அறுங்கோணத்தின் ஒன்றுவிட்டு ஒரு முனைக்குக் கோடு இழுத்தால், விளிம்புக்கு 7 அலகு கொண்ட கனசதுரம் எழுந்து நிற்கும். வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் செய்வதானால் 7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை போதும். அதில் 3 அலகுக் கனசதுரம் வரும். வரிசைகளின் இடைவெளி ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். கோலம் போடும் கை அதை எங்கே வைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சமபக்க முக்கோணம் அமைய, புள்ளிகளுக்கு இடையே 6 செ.மீ. என்றால் வரிசைகளுக்கு இடையே 5.2 செ.மீ. இருக்கவேண்டும்.

மார்கழியில் இந்தப் பாடத்தை நடத்துகிற ஆசிரியைகள், வகுப்பில் பேசவே தயங்கும் மாணவியர்கூட இந்த இடத்தில் முன்னே வந்து புள்ளி வைத்துக் காட்டுகிறார்கள் என்று சொல்கிறார்கள். அந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

புள்ளித்தாளை எப்படி வைத்தாலும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்து வரிசையில் நிற்கும்படி தாளை வைக்கவேண்டும். தாளைக் கால்வட்டம் திருப்பிவிட்டால் கிடைமட்ட வரிசைகள் கிடைக்கும். செங்குத்து வரிசை கிடைக்காது. அதில் வரையும் மாணவர் உயர விளிம்பை வைக்க இடமின்றித் தவித்து, கடைசியில் சாய்ந்து விழும் பெட்டி ஒன்றை வரைந்து தருவார். முந்தைய விடையில் சொன்ன கோலத்திலும் இதுவே நிகழும்: கோலம் போட்டவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வரிசைகள் கிடைமட்டமாக இருக்கும், பக்கவாட்டில் வந்து நின்று பார்த்தால்தான் கனசதுரம் நேராக நிற்கும். தாளின் ஒரு மூலையில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றை அச்சிட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

30 பாகை என்று ஏன் வைத்தார்கள்? 45 பாகை என்று வைத்தால் என்ன குற்றம்?

30 பாகை யாரோ விருப்பப்படி வைத்த எண் என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டால், அதன்பிறகு எல்லாமே மனப்பாடமாகிவிடும். ஒரு கனசதுரத்தின் ஒரு முனை அதற்கு நேரெதிர் முனையை மறைக்கும்படி பிடித்துப் பார்த்தால், மூன்று முகங்களும் ஒரே அளவில் தெரியும். வெளிக்கோடு ஒழுங்கு அறுங்கோணமாக இருக்கும். மூன்று விளிம்புகளும் 360 பாகையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் இடையே 120. ஒன்று செங்குத்தாக நின்றால் மற்ற இரண்டும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகையில் விழுந்தே ஆகவேண்டும். 45 பாகையில் வரைந்தால் அது வேறு கோணத்திலிருந்து பார்க்கும் பார்வையாகிவிடும். மூன்று திசைகளுக்கும் ஒரே அளவு என்ற உரிமை அங்கே கிடையாது.

நம் பகுதியில் வெயிலுக்குக் குறைவில்லை என்பதால் இதைச் சோதனையாகவே காட்டலாம். 10 செ.மீ. குச்சி ஒன்றை மைதானத்தில் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் 14.1 செ.மீ. ஆகும் வரை காலையிலோ மாலையிலோ காத்திருக்கவேண்டும். அப்போது வெயில் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 35.3 பாகை உயரத்திலிருந்து விழுகிறது. 10 செ.மீ. அட்டைக் கனசதுரம் ஒன்றை ஒரு கம்பின் தலையில் சாயாமல் நிறுத்தி, அதன் செங்குத்து விளிம்பு ஒன்று சூரியனை நேராக நோக்கும்படி திருப்பவேண்டும். பின்னால் ஒரு வெள்ளை அட்டையை வெயிலுக்கு நேர் குறுக்காகப் பிடிக்கவேண்டும். அட்டையில் செங்குத்தாகக் குத்திய ஆணியின் நிழல் மறைந்துவிட்டால் அட்டை சரியாக நிற்கிறது என்று பொருள். அதில் விழும் நிழல் ஒழுங்கு அறுங்கோணமாக இருக்கும். அந்த அறுங்கோணத்தின் பக்கத்தை ஒரு மாணவர் அளந்து எழுதி வைக்கட்டும், 10 செ.மீ. வராது, 8.2 செ.மீ. அளவில் வரும். இந்த எண் பின்னால் ஐசோமெட்ரிக் அளவுகோல் பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

வெற்றுத்தாளில் முதலில் எதை வரையச் சொல்லலாம்?

கனசதுரத்துக்கு அடுத்தபடி, வாசற்படி. திண்ணைக்கு ஏறும் மூன்று படிகளை மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொரு படிக்கும் மிதி 20 மி.மீ., உயரம் 15 மி.மீ., படிகளின் அகலம் 40 மி.மீ. என்று கொடுக்கலாம். முதலில் இந்தப் படிகள் முழுவதும் அடங்கும் பெட்டியை, அதாவது 60 × 40 × 45 மி.மீ. கனச்செவ்வகத்தை, எச் பென்சிலால் மெலிதாக வரையவேண்டும். பிறகு பக்கவாட்டு முகத்தில் படிகளின் வடிவத்தை 20, 15, 20, 15 என்று அளந்து குறித்து, ஒவ்வொரு முனையிலிருந்தும் அகலத்தின் திசையில் 40 மி.மீ. கோடு இழுக்கவேண்டும். இறுதியில் தேவையான விளிம்புகளை மட்டும் எச்பி பென்சிலால் அழுத்திக் காட்டவேண்டும்.

பெட்டியைப் போடாமல் முதல் படியிலிருந்தே ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்ல மாணவர்கள் விரும்புவார்கள். மூன்றாவது படிக்குள் சிறுபிழைகள் சேர்ந்து, பின்விளிம்புகள் சந்திக்க மறுக்கும். அடங்கும் பெட்டியை முதலில் வரைவது தொடக்கத்தில் வேலையை இரட்டிப்பாக்குவதுபோல் தோன்றினாலும், சாய்முகம், வட்டம், உருளை எல்லாமே அந்தப் பெட்டியைச் சார்ந்துதான் வரப்போகின்றன என்பதால், முதல் நாளிலிருந்தே இதைக் கட்டாயமாக்குவதே சரி.

சரியாக அளந்துதான் வைத்தேன், கூரை மட்டும் கோணலாக வருகிறது. ஏன்?

கூரையின் சாய்வுக் கோட்டை அளந்து வைத்ததால்தான். மூன்று அச்சுகளுக்கு இணையான கோடுகளில் மட்டுமே அளவு உண்மை. மற்றக் கோடுகள் படத்தில் நீளவோ குறுகவோ செய்யும். ஓட்டுக் கூரை போட்ட சிறிய கட்டடம் ஒன்றின் முக்கோணச் சுவர் 60 மி.மீ. அகலம், முகடு சுவர் மட்டத்திலிருந்து 25 மி.மீ. உயரம் என்று கொள்வோம். உண்மையில் இரண்டு சாய்வுகளும் 39 மி.மீ. இருக்கும். படத்தில் ஒன்று ஏறத்தாழ 48 மி.மீ., மற்றது 28 மி.மீ. என்று வரும். இரண்டையும் 39 என்று வைத்தால் கோடுகள் முகட்டில் சேரும் இடம் தவறிவிடும்.

செய்யவேண்டியது இது: சுவரின் மேல்விளிம்பில் 30 மி.மீ. அளந்து நடுப்புள்ளியைக் குறிக்கவேண்டும். அதிலிருந்து 25 மி.மீ. செங்குத்தாக மேலே சென்று முகட்டின் முனையைக் குறிக்கவேண்டும். பிறகு முனைகளை இணைத்துவிடவேண்டும். சாய்வுக் கோட்டின் நீளத்தைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. கோணத்துக்கும் இதே விதிதான். பாகைமானியை ஐசோமெட்ரிக் படத்தின்மேல் வைக்கக் கூடாது. 90 பாகை அங்கே 60 ஆகவோ 120 ஆகவோ தெரியும்.

சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் சமம் என்று கணக்கு ஆசிரியர் சொன்னார். படத்தில் ஒன்று குட்டையாக இருக்கிறதே?

கணக்கு ஆசிரியர் சொன்னது சதுரத்துக்குச் சரி. ஐசோமெட்ரிக்கில் சதுர முகம் சாய்சதுரமாகத் தெரிகிறது. 10 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டங்கள் உண்மையில் இரண்டும் 14.1 செ.மீ.; படத்தில் ஒன்று 17.3, மற்றது 10. மூலைவிட்டம் எந்த அச்சுக்கும் இணையாக இல்லாததால் முந்தைய விடையின் விதி இங்கும் பொருந்துகிறது. இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவரைப் பாராட்டவேண்டும். அவர் படத்தை உண்மையிலேயே பார்க்கிறார்.

வட்டத்தைக் கவராயத்தால் வரைந்தால் ஒட்டாமல் நிற்கிறது. உரல், தூண் எல்லாம் எப்படி வரைவது?

சதுரம் சாய்சதுரமாக மாறும்போது அதனுள் அடங்கிய வட்டம் நீள்வட்டமாக மாறுகிறது. ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றின் சதுரத்துக்குள் விளிம்புகளைத் தொடும் வட்டம் இருப்பதாகக் கொண்டு தொடங்கலாம். வட்டம் நான்கு விளிம்புகளையும் அவற்றின் நடுவில் தொடும் என்பதை மாணவர் கல்லிலேயே விரல் வைத்துப் பார்த்துவிடலாம். 10 செ.மீ. பக்கமுள்ள சாய்சதுரத்தை வரைந்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குறிக்கவேண்டும். விரிகோண முனை ஒவ்வொன்றையும் எதிரேயுள்ள இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளோடு இணைக்கவேண்டும். இந்தக் கோடுகள் நீண்ட மூலைவிட்டத்தின்மேல் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். விரிகோண முனைகளை மையமாகக் கொண்டு 8.7 செ.மீ. ஆரத்தில் இரண்டு பெரிய வில்களும், வெட்டுப்புள்ளிகளை மையமாகக் கொண்டு 2.9 செ.மீ. ஆரத்தில் இரண்டு சிறிய வில்களும் வரைந்தால் நான்கும் நடுப்புள்ளிகளில் ஒன்றுசேரும். ஆரங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கவராயத்தின் முனையை மையத்திலும் பென்சிலை நடுப்புள்ளியிலும் வைத்தால் ஆரம் தானாக வந்துவிடும்.

நீள்வட்டம் எந்தப் பக்கம் படுக்கவேண்டும் என்பதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். மேல்முகத்தில் அதன் நெட்டச்சு, அதாவது நீளமான விட்டம், கிடைமட்டமாகப் படுக்கும். இரண்டு பக்க முகங்களிலும் கிடைமட்டத்துக்கு 60 பாகை சாய்ந்து, ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக நிற்கும். உருளையின் நடு அச்சுக்கு நெட்டச்சு எப்போதும் செங்குத்து என்பதை நினைவில் வைத்தால் போதும். உரலின் வாய், தூணின் தலை, வண்டிச் சக்கரம் எல்லாவற்றுக்கும் இது சரியாக வரும். வட்டத் தூணுக்கு அடியில் இரண்டாவது சாய்சதுரம் வரையத் தேவையில்லை. மேல் நீள்வட்டத்தின் மையங்களைத் தூணின் உயரத்துக்குச் செங்குத்தாகக் கீழே இறக்கி, தெரிகிற வில்களை மட்டும் வரைந்து, இரு ஓரங்களையும் செங்குத்துத் தொடுகோடுகளால் இணைத்துவிடலாம்.

நான்கு மைய முறையில் வருவது உண்மையான நீள்வட்டமா?

இல்லை, அதற்கு நெருக்கமான வடிவம். 10 செ.மீ. வட்டத்துக்கு உண்மையான நீள்வட்டம் 12.2 செ.மீ. நீளமும் 7.1 செ.மீ. அகலமும் கொண்டது, நான்கு மைய முறையில் 11.5, 7.3 என்று வரும். சிறிய படங்களில் இது பொருட்டில்லை. பெரிய படத்தில் துல்லியம் வேண்டுமானால், வட்டத்தின்மேல் பல புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றின் நீள அகல அளவுகளையும் அச்சுகள் வழியாகச் சாய்சதுரத்துக்கு மாற்றி, கையால் இணைக்கவேண்டும். கோலத்தின் வளைவான இதழ்களுக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைக்கும் இந்த வழி ஒன்றுதான் உதவும்.

ஐசோமெட்ரிக் அளவுகோல் என்று 0.816 ஒன்று சொல்கிறார்களே, அதைப் பயன்படுத்த வேண்டுமா?

வெயில் சோதனையில் அளந்த 8.2 செ.மீ.தான் இது. கனசதுரத்தின் விளிம்புகள் பார்வைத் தளத்திலிருந்து 35.3 பாகை சாய்ந்திருப்பதால், 10 செ.மீ. விளிம்பு 8.16 செ.மீ. ஆகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிறபடியே குறைத்து வரைந்தால் அது ஐசோமெட்ரிக் வீழல். குறைக்காமல் முழு அளவில் வரைந்தால் ஐசோமெட்ரிக் வரைபடம். மூன்று திசைகளும் ஒரே விகிதத்தில் குறைவதால் இரண்டும் ஒரே வடிவம்தான். ஒன்று சற்றுப் பெரியது.

பள்ளி அளவில் முழு அளவே போதும். வினாத்தாளில் வீழல் என்று கேட்டிருந்தால் மட்டும் அளவுகோலைக் கட்டிக்கொள்ளவேண்டும்: ஒரு புள்ளியிலிருந்து 30 பாகையிலும் 45 பாகையிலும் இரண்டு கோடுகள் வரைந்து, 45 பாகைக் கோட்டில் உண்மை அளவுகளைக் குறித்து, அங்கிருந்து செங்குத்தாகக் கீழே இறக்கினால் 30 பாகைக் கோட்டில் விழுபவை குறைந்த அளவுகள்.

தூண்மேல் உருண்டை வைத்திருக்கிறார்கள். பந்தும் நீள்வட்டமாக மாறுமா?

மாறாது. கோளத்தை எங்கிருந்து பார்த்தாலும் வட்டமாகவே தெரியும். ஆனால் முந்தைய கேள்வி இங்கே உடனே குறுக்கிடும். மற்றவற்றை முழு அளவில் வரைந்திருந்தால், உருண்டையின் ஆரத்தை 1.22 மடங்கு பெரிதாக்கவேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரின் தூண்மேல் 20 மி.மீ. ஆரமுள்ள உருண்டை இருந்தால், தூணின் மேல்முக நடுப்புள்ளியிலிருந்து 20 மி.மீ. செங்குத்தாக மேலே மையத்தைக் குறித்து, 24.5 மி.மீ. ஆரத்தில் வட்டம் வரையவேண்டும். வட்டம் தொடுபுள்ளியைத் தாண்டிக் கீழே இறங்குவதைப் பார்த்துப் பதறவேண்டாம். மேலிருந்து பார்க்கும்போது உருண்டை தன் அடியைத் தானே மறைக்கும். குறைந்த அளவுகோலில் வரைந்திருந்தால் மையம் 16.3 மி.மீ. உயரத்திலும் ஆரம் 20 மி.மீ. ஆகவும் இருக்கும்.

மேல்தோற்றத்தை ஏன் கீழே போடுகிறார்கள்? இணையத்தில் பார்த்தால் மேலே இருக்கிறதே?

ஒரு பொருளை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நேராகப் பார்த்து வரையும் தட்டைப் படங்களே தோற்றங்கள். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 வழிகாட்டுதலின்படி முதற்கோண முறையைப் பின்பற்றுகிறோம். அதில் பொருள் பார்ப்பவருக்கும் தளத்துக்கும் நடுவே நிற்கிறது. மேலிருந்து பார்க்கும் தோற்றம் தரையில் விழுகிறது. தரையை மடக்கித் தாளோடு சேர்த்தால் அது முன்தோற்றத்துக்குக் கீழே வரும். இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில் வருவதும் இதே காரணத்தால்தான். அமெரிக்கப் பாடங்களில் மூன்றாம் கோண முறை என்பதால் மேல்தோற்றம் மேலே இருக்கும். தோற்றங்களிலிருந்து ஐசோமெட்ரிக் படம் வரையத் தொடங்குமுன், எந்த முறை என்பதைத் தாளின் மூலையில் எழுதும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். முறை மாறினால் இடமும் வலமும் மாறிவிடும்.

மறைந்திருக்கும் விளிம்புகளைப் புள்ளிக்கோடாகப் போடவேண்டுமா?

பொதுவாக வேண்டாம். அது இல்லாமல் பொருளின் வடிவம் புரியாது என்ற நிலையில் மட்டும் போடலாம்.

வரைந்து முடித்த பிறகு, பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் மாறி மாறித் தெரிகிறது. தவறாக வரைந்துவிட்டேனா?

தவறில்லை. படிகக்கற்களின் படங்கள் இப்படிக் கண்முன்னே புரண்டுகொள்வதை லூயி ஆல்பர்ட் நெக்கர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1832லேயே எழுதியிருக்கிறார். ஐசோமெட்ரிக்கில் தொலைவிலுள்ளது சிறியதாகத் தெரியாததால், மூன்று சாய்சதுரங்கள் சேர்ந்த படம் கனசதுரத்தின் வெளிமூலையாகவும் அறையின் உள்மூலையாகவும் ஒரேபோல் பொருந்துகிறது. மேல்முகத்தை வெள்ளையாக விட்டு, ஒரு பக்கத்துக்கு மெல்லிய நிழலும் மற்றதற்கு அடர்ந்த நிழலும் கொடுத்து, படம் முழுவதும் அதையே கடைப்பிடித்தால் கண் ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

இதற்கு நல்ல பயிற்சி ஊரணி. நாற்புறமும் படியிறங்கும் சதுர ஊரணியை வரையச் சொன்னால், முதலில் எல்லாரும் நான்கு பக்கப் படிகளையும் வரைய முயல்வார்கள். நமக்கு அருகிலுள்ள இரண்டு கரைகளில் படிகளின் உயர முகங்கள் தெரியாது, மிதி உயரத்தைவிட அகலமாக இருந்தால் அதன் ஒரு பகுதி மட்டும் தெரியும். எதிரேயுள்ள இரண்டு பக்கப் படிகள்தான் முழுமையாகத் தெரியும். ஊருக்குள் இருக்கும் ஊரணிக் கரையின் ஒரு மூலையில் மாணவர்களை நிறுத்தி, எந்தப் படிகள் தெரிகின்றன என்று குறித்துக்கொண்டு வரச் சொல்வது அரைமணி நேர விளக்கத்தை மிச்சப்படுத்தும். கண்ணில் தெரிவதற்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு அடுத்த கேள்வியில் வருகிறது.

எங்கள் வீட்டை வரைந்தேன், பின்கட்டு முகப்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அளவெல்லாம் சரிதான். என்ன காரணம்?

நகரத்தார் வீட்டின் முகப்பு வாசலில் நின்றால் வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நிலைக்கதவுகள் ஒரே நேர்கோட்டில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்கலாம். நம் கண்ணுக்கு அந்தச் சிறுத்தல் பழகிவிட்டது. ஐசோமெட்ரிக்கில் இணைகோடுகள் கடைசி வரை இணையாகவே செல்லும். கடைசி நிலையும் முதல் நிலையும் ஒரே உயரம். சிறுக்க வேண்டியது சிறுக்காததால், பெரிதாகிவிட்டதாக மூளை எடுத்துக்கொள்கிறது. நீளமான கட்டடங்களில் இது கூடுதலாகத் தெரியும். வீட்டின் அழகைக் காட்டவேண்டுமானால் பெர்ஸ்பெக்டிவ் முறையில் வரையலாம். ஆசாரிக்கோ கொத்தனாருக்கோ கொடுக்கவேண்டுமானால் ஐசோமெட்ரிக்.

முழு வீட்டையும் ஒரே தாளில் அடக்க முயல்வதைவிட, வளவை மட்டும் எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். கூரையையும் நமக்கு அருகிலுள்ள இரண்டு சுவர்களையும் நீக்கிவிட்டதாக வைத்துக்கொண்டு, 1:50 அளவில், நடு முற்றம், சுற்றியுள்ள தூண்கள், அறை வாசல்கள் என்று வரையலாம். 10 மீட்டர் 20 செ.மீ. ஆகிவிடுவதால் ஏ3 தாளில் அடங்கும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு இதைவிட நல்ல செய்முறைத் திட்டம் எனக்குத் தெரியவில்லை. அளக்கும் வேலை, அளவு மாற்றம், தூண்களின் நீள்வட்டம், மறைவது எது என்ற தீர்மானம் எல்லாம் இதில் ஒருங்கே வந்துவிடுகின்றன.

இதையெல்லாம் கணினி செய்துவிடுகிறதே, கையால் எதற்கு?

ஆட்டோகேடில் எஃப்5 விசையை அழுத்தினால் மூன்று ஐசோமெட்ரிக் தளங்களும் மாறி மாறி வரும். எந்தத் தளத்தில் வட்டம் வேண்டும் என்பதை வரைபவர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். மேல்முகத்து நீள்வட்டத்தைப் பக்கச் சுவரில் ஒட்டிவிட்டால் மென்பொருள் தடுக்காது. கணினி வசதியுள்ள பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பில் கைப்பழக்கம் அமைந்த பிறகு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எவ்வளவு சொல்லியும் ஒரு பிள்ளைக்கு மட்டும் பிடிபடவில்லை. விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. இத்தகைய பிள்ளைகளில் பலருக்குக் கை வரைகிறது. தட்டையான கோடுகளிலிருந்து பொருளை மனத்தில் எழுப்புவதுதான் வரவில்லை. சலவைச் சோப்புக் கட்டி ஒன்றை வாங்கி, முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் அதன் மூன்று முகங்களில் கீறி, வேண்டாத பகுதிகளை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். வெட்டிய பொருளை மூலை முன்னால் வரும்படி கையில் பிடித்துக்கொண்டு வரையட்டும். முதலில் பொருளைப் பார்த்துப் படம், பிறகு படத்தைப் பார்த்துப் பொருள், கடைசியில் தோற்றங்களைப் பார்த்துப் படம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். வகுப்பில் பலர் தடுமாறுவதற்குக் காரணம், மூன்றாவதை முதலில் கொடுத்துவிடுவதுதான்.

முன்தோற்றமும் மேல்தோற்றமும் மட்டும் கொடுத்தேன். மூன்று மாணவர்கள் மூன்று விதமாக வரைந்திருக்கிறார்கள். யாருக்கு மதிப்பெண்?

மூவருக்கும் கிடைக்க வாய்ப்புண்டு. முன்தோற்றம் ஒரு சதுரம், மேல்தோற்றமும் அதே அளவுச் சதுரம் என்றால், கனசதுரம் சரியான விடை. முன்புறத்துக் கீழ்விளிம்பிலிருந்து பின்புறத்து மேல்விளிம்பு வரை சாய்வாக வெட்டிய ஆப்பு வடிவமும் அதே இரண்டு தோற்றங்களைத் தரும். சாய்முகத்துக்குப் பதிலாகக் கால்உருளையின் வளைமுகம் இருந்தாலும் அப்படியே. மூன்றையும் பிரித்துக்காட்டுவது பக்கத்தோற்றம் மட்டும்தான். அதை நாம் கொடுக்காமல் விட்டால், கொடுத்த தோற்றங்களோடு பொருந்தும் எந்த விடைக்கும் முழு மதிப்பெண் தரவேண்டும்.

தேர்வில் இந்தச் சிக்கல் வேண்டாம் என்றால் மூன்று தோற்றங்களையும் கொடுத்துவிடுங்கள். வகுப்பில் வேண்டுமென்றே இரண்டை மட்டும் கொடுத்து, எத்தனை வடிவங்கள் பொருந்தும் என்று தேடச் சொல்வது நல்ல பயிற்சி. சோப்புக் கட்டியில் வெட்டிப் பார்க்கும் பிள்ளைகள் நாம் எதிர்பாராத வடிவங்களையும் கொண்டுவருவார்கள். அப்போது அவற்றின் பக்கத்தோற்றத்தையும் வரைந்து தரச் சொல்லி, முன்தோற்றத்தோடும் மேல்தோற்றத்தோடும் ஒத்துப்பார்த்து ஏற்றுக்கொள்ளலாம்.